புதுப்பிப்பு: அப்பாவுக்கு மறதி நோய் இல்லை

அம்மா போய் எட்டு மாதமாகியும் அப்பா சரியாகத் தூங்கவில்லை, எடை குறைகிறது, எல்லாம் மறக்கிறார், இது மறதி நோயா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருத்துவரிடம் போனோம். முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை. இரண்டும் சரியாக இருந்தன. அப்புறம் முதியோர் மனச்சோர்வு அளவுகோல் என்று 15 கேள்விகள், ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். "உங்கள் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா?" என்றதும் அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. வயதானவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் மறதியாகவும் உடல்வலியாகவும் வரலாமாம். நான் அதைத் துக்கம் என்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு இருப்பது மனச்சோர்வுதான் என்று அதற்கான மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம் என்பதால் இடையில் ஒரு பரிசோதனை. கூடவே வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேச்சு. முதல் இரண்டு தடவை சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன்.

இப்போது ஆறாவது வாரம். தூக்கம் பரவாயில்லை, மறதியும் குறைந்திருக்கிறது. அம்மாவின் அலமாரியை இன்னும் திறக்க விடவில்லை. சரி, இருக்கட்டும். நேற்று அவராகவே சவரம் செய்துகொண்டார்.