ஜிடி-ஆரைக் கொழும்பில் தினமும் ஓட்டலாமா?

வெள்ளவத்தை வேகன்:
நிசான் ஜிடி-ஆர் ஆர்35 என்றாலே "அது ட்ராக் கார், நம்ம ஊருக்குச் சரிவராது" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 3.8 லீற்றர் இரட்டை டர்போ வி6, பிந்திய மொடல்களில் 570 குதிரைவலு, எல்லாம் உண்மைதான். ஆனால் கிளச் மிதிக்கும் வேலை இல்லை. டிக்கியில் 315 லீற்றர் இடம், இரண்டு பேர் யாழ்ப்பாணம் போய்வரத் தாராளம். சஸ்பென்ஷனை இளக்க ஒரு சுவிட்ச் போதும். நான்கு சில்லும் இழுப்பதால் மழைக்கும் பயமில்லை. வேறென்ன வேண்டும்?

காலிவீதி கண்ணன்:
சுவிட்சைச் சொன்னீர்கள், ரயரைச் சொல்லவில்லையே தம்பி. 20 அங்குல ரிம்மில் ரன்-ஃபிளாட் ரயர். காற்றுப் போனாலும் ஓட வேண்டும் என்பதற்காக அதன் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்கிறார்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு இளகினாலும் அந்த விறைப்பு நேராக இடுப்புக்கு வரும். நிலத்துக்கும் காருக்கும் இடைவெளி 110 மில்லிமீற்றர்தான். பம்பலப்பிட்டி ஒழுங்கைகளின் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி கியர்பொக்ஸ். ஓட்டோ கியர் என்று நாம் சொன்னாலும் உள்ளே இரண்டு கிளச் இருக்கிறது. காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு கார் நீளம் நகர்ந்து, நின்று, மறுபடி நகரும்போது அந்தக் கிளச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். வழுக்கினால் சூடு. சாதாரண ஓட்டோ கியரில் இந்த வழுக்கலை எஞ்சினையும் கியரையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெயே ஏற்றுக்கொள்ளும், தேய ஒன்றுமில்லை. ஜிடி-ஆரின் கியர்பொக்ஸ் பின் அச்சோடு சேர்ந்திருப்பதால் மெதுவாகப் போகும்போது கடகட சத்தமும் உள்ளே கேட்கும். அந்த விலைக்கு வாங்கிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டுமா?

இரண்டாம் கியர்:
ஒரு கணக்கு. ஊருக்குள் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீற்றர். இந்தக் கார் முதல் கியரிலேயே 60ஐத் தொடும். தெற்கு அதிவேகப் பாதையில் 100. இரண்டாம் கியர் முடியும்போதே 110க்குக் கிட்ட வந்துவிடும். மீதி நாலு கியரும் பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தானோ? 😀

வெள்ளவத்தை வேகன்:
100ஐத் தாண்ட ஆசையில்லை அண்ணே, எப்படி 100க்குப் போகிறோம் என்பதில்தான் சுகம். கொட்டாவையில் டிக்கெட் எடுத்துப் பாதையில் ஏறியதும் மூன்று செக்கனில் அங்கே நிற்கும். அதற்கு மேல் ஆறாம் கியரில் போட்டுவிட்டு மாத்தறை வரை அமைதியாகப் போகலாம். கிளச் விஷயத்திலும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். அது எண்ணெய்க்குள் ஓடும் கிளச், எண்ணெய் சூட்டை இறக்கும். முன்னால் இடைவெளி விட்டு, ஊர்ந்து போகாமல் ஒரே தடவையில் நகர்ந்தால் பிரச்சினை பாதி குறையும்.

காலிவீதி கண்ணன்:
காலி வீதியில் இடைவெளியா! இரண்டு ஆட்டோவும் ஒரு 100ஆம் இலக்க பஸ்ஸும் அதற்குள் வந்துவிடுமே.

தெஹிவளை தர்ஷி:
வேகமும் வேண்டும், வசதியும் வேண்டும் என்றால் போர்ஷ 911 கரேராவைப் பாருங்கள். 3 லீற்றர் எஞ்சின் என்பதால், கொள்ளளவைப் பார்த்து வரி போடும் நம் நாட்டில் அதுவும் ஒரு கணக்கு. மேலதிகமாகக் காசு கட்டினால் பொத்தானை அமுக்கி முன்பக்கத்தை நான்கு சென்ரிமீற்றர் அளவு உயர்த்தும் வசதி கிடைக்கும். வேகத்தடைக்கு அது போதும். ஜிடி-ஆரில் அப்படி ஒன்று கிடையாது. அதோடு 2025 ஓகஸ்டில் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள், உதிரிப்பாகத்தையும் யோசியுங்கள்.

வெள்ளவத்தை வேகன்:
911இல் சாமான் வைக்க முன்பக்கம் வெறும் 132 லீற்றர் பெட்டிதானே அக்கா, ஒரு சூட்கேஸுக்கே இடம் பார்க்க வேண்டும். பின் இருக்கை ஏதோ இரண்டிலும் பெயருக்குத்தான்.

காலிவீதி கண்ணன்:
சரி, விடமாட்டீர்கள் போல. முற்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அடுக்குமாடி பார்க்கிங் சரிவு மேலே முடிகிற வளைவை அளந்துவிட்டு வாருங்கள். முன் பம்பர் மட்டுமில்லை, வயிறும் அங்கேதான் உரசும். அளவைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.