2,800 சுற்றுக்கு மேல் இசியூ ஒத்திசைவை இழக்கிறது: கிராங்க் சென்சரா, வயரிங்கா?

கேள்வி (ஹட்டன்)
பழைய வான் இஞ்சின் ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, கிராங்க் புலியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சில்லைப் பூட்டி, தனி இசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பொருத்தியிருக்கிறேன். இஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் சீராக நிற்கிறது. ஆனால் கினிகத்தேனை ஏற்றத்தில் மிதித்து 2,800 சுற்றைத் தாண்டினால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மடிக்கணினியில் ஒத்திசைவு இழப்பின் (இசியூ கிராங்கின் நிலையைத் தவறவிடுவதன்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. சில்லின் பற்களை உணரும் கிராங்க் சென்சர் இரண்டு வயர் கொண்ட காந்த வகை. உடைசல் வாகனமொன்றிலிருந்து வெட்டியெடுத்த பிளக்கில் இரண்டு வயருமே கறுப்பு. சென்சரை மாற்ற வேண்டுமா?

பதில் (பண்டாரவளை)
தம்பி, காசைச் செலவழிக்குமுன் பிளக்கைக் கழற்றிச் சென்சரின் ஓமை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முனைக்கும் பொடிக்கும் (உலோக உடலுக்கும்) இடையில் தொடர்பு இருக்கவே கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்டாட்டரைச் சுற்றுங்கள். வயரைச் சுற்றியுள்ள கவசப் பின்னலை இசியூ பக்கத்தில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். கொயில் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

கேட்டவர்
870 ஓம், பொடியோடு தொடர்பில்லை, சுற்றும்போது 0.6 வோல்ட். பின்னலை இரு பக்கமும் எர்த் செய்திருந்தேன், இஞ்சின் பக்கத்தை வெட்டிவிட்டேன். இழப்பு குறைந்தது, நிற்கவில்லை.

பதில் (தலவாக்கலை)
அப்படியானால் சென்சரில் குறையில்லை, இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன என்பதே என் கணிப்பு. பல் சென்சரின் நடுவைக் கடக்கும்போது வோல்ட் செங்குத்தாக விழுந்து பூச்சியத்தைத் தாண்டும். இசியூ எண்ணுவது அந்தக் கூர்மையான இடத்தைத்தான். வயர் மாறினால் அது பல்லுக்குப் பல் இடையிலுள்ள சாய்வான பகுதியைப் பிடிக்கிறது, பல் இல்லாத இடத்திலோ அந்தச் சாய்வு கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் தடுமாறுகிறது. வேகம் குறைவாக இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் ஐடிலில் ஏமாற்றுகிறது. சென்சரை வெளியே எடுத்து, மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரும்பு ஸ்பானர் ஒன்றை அதன் முனைக்குச் சட்டென்று கொண்டுபோங்கள். நெருங்கும் கணத்தில் மீட்டர் கூட்டல் பக்கம் துள்ளினால், சிவப்பு முனை தொட்டிருக்கும் வயரே பொசிட்டிவ். முள் உள்ள பழைய மீட்டர் இதற்கு டிஜிட்டலைவிட நல்லது.

கேட்டவர்
கைத்தொலைபேசி திருத்தும் நண்பரிடம் முள் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். ஸ்பானர் நெருங்கியதும் முள் பின்பக்கம் அடித்தது. வயரை மாற்றியதும் 4,500 வரை ஒரு இழப்பும் இல்லை. டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) 10 பாகையில் பூட்டி டைமிங் லைட்டால் பார்த்தபோது குறி ஏறக்குறைய 5 பாகை தள்ளி நின்றது.

பதில் (தலவாக்கலை)
ஒரு பல்லுக்கு 10 பாகை, நீங்கள் அரைப் பல் நகர்ந்திருக்கிறீர்கள்; கணக்குச் சரி. இசியூவில் டிரிகர் கோணத்தை (பல் குறைந்த இடம் எங்கே என்று சொல்லும் அளவை) திருத்தி, ஐடிலிலும் 3,000 இலும் குறி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றத்தில் ஓட்டுங்கள்.