புதுப்பிப்பு: வேண்டுமென்றே தோற்றதாக விழுந்த தடை நீங்கியது

இணையவழி விளையாடும் ஐவர் அணி வீடியோ கேம் ஆட்டம் ஒன்றில் நான் வேண்டுமென்றே தோற்றதாக அணியினர் புகார் செய்து, 14 நாள் தடை விழுந்ததைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தடை நீங்கிவிட்டது.

விளையாட்டு நிறுவனத்துக்கு நானாக முதலில் அனுப்பிய முறையீடு வெறும் புலம்பல். சில நிமிடங்களில் தானியங்கிப் பதில் வந்து கதை முடிந்தது. பலித்தது, ஆட்டப் பதிவை ஓட்டிப் பார்த்து நிமிடக் கணக்கோடு எழுதச் சொன்னவரின் யோசனைதான். ஆட்ட எண்ணைக் குறிப்பிட்டு, நான் வீழ்ந்த 11 தடவையும் எந்த நிமிடத்தில், எதனால் என்று எழுதினேன். மூன்றாம் நாள் மனிதர் ஒருவரே பதில் எழுதினார்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. பதிவில் 18ஆவது நிமிடம், கிட்டே வருபவரைச் சுடும் எதிரியின் கோபுரத்தடியில் என் வீரன் 9 நொடி மரம்போல நிற்கிறான். என் திரையிலோ அவன் ஓடிக்கொண்டிருந்தான்! வைஃபை அறுந்திருக்கிறது. பார்த்தபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. திட்டியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை (ஒருவரைத் தவிர). இப்போது கேபிள் இணைப்புக்கு மாறிவிட்டேன்.

இழந்த தரப்புள்ளிகள் திரும்பவில்லை. இன்னொன்று: ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வந்ததும் பழைய பதிவுகள் திறக்கவில்லை. நல்லவேளை, அதற்கு முன்பே குறித்து வைத்திருந்தேன்.