கேன்சர் பயோமார்க்கர் (எந்த வைத்தியம் பொருந்தும் என்று காட்டும் ஜீன், புரத அடையாளங்கள்) ஆன்லைன் வகுப்பு: பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை, மகப்பேறு மருத்துவர்:
ராத்திரி ஓபி முடிந்து சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்த்தேன். மருந்துப் பெயர்களாக அடுக்குவார்கள் என்று நினைத்தால், முதல் கேள்வியே வேறு. 60 வயதுப் பெண், சினைப்பையில் ஹை கிரேட் சீரஸ் (வேகமாக வளரும் வகை) கேன்சர், குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பிஆர்சிஏ ஜீன்களில் பிறழ்வு (கேன்சர் அபாயத்தைக் கூட்டும் மாற்றம்) உண்டா என்று பார்க்கும் டெஸ்ட் வேண்டுமா? வேண்டும். பிறழ்வு அப்பா வழியிலும் வரும். அந்தப் பக்கம் ஆண்களே அதிகம் என்றால் வெளியே தெரியாமலே இருந்துவிடும். கட்டியில் மட்டும் தோன்றியதாகவும் இருக்கலாம்.

அதன் பிறகு அதே கேன்சரோடு காசிமேட்டு அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "எனக்கு ரெண்டும் பசங்க டாக்டர், இந்த டெஸ்ட்டு எதுக்கு?" என்றார். முதலில் உங்கள் வைத்தியத்துக்குத்தான் என்றேன். பிறழ்வு இருந்து, கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டால் ஒலாபாரிப் மாத்திரை தரலாம். 2018-இல் வெளியான சோலோ-1 ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கும் அல்லது இறக்கும் அபாயம் 70 சதவீதம் குறைந்தது. பரம்பரைப் பிறழ்வு என்றால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, 50 சதவீத வாய்ப்பு. "அப்போ பேத்திங்களுக்கு?" என்று அவரே கேட்டுவிட்டார். பையனுக்கு இருந்தால்தான் அந்தப் பேச்சே என்று விளக்கினேன். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதற்கு வகுப்பில் ஒரு ஸ்லைடுகூட இல்லை. அதுதான் என் குறை.

பெரம்பூர், பேதாலஜிஸ்ட்:
மேடம், திசு கெடாமல் காக்கும் பார்மலினைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள். ஒரு நர்சிங் ஹோமிலிருந்து முழுக் கர்ப்பப்பை வந்தது, நார்மல் சலைனில்! திசு அழுகினால் எந்த ஜீன் டெஸ்ட்டும் உருப்படாது. 10 சதவீத பஃபர்டு பார்மலின், பொதுவாக 6 முதல் 72 மணி நேரம். கர்ப்பப்பையைத் திறந்து அனுப்பினால்தான் உள்ளே வரை இறங்கும். வகுப்பில் இந்தப் பகுதியை இரண்டே நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள்.

ராயபுரம், பிஜி மாணவி:
எனக்கு உதவியது எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பையின் உட்படலம்) கேன்சர் பகுதி. ஒரு ரிப்போர்ட்டில் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இரண்டும் இல்லை என்று வந்ததும் வார்டில் 'லிஞ்ச் சிண்ட்ரோம்' (பரம்பரையாக வரும் கேன்சர் அபாயம்) என்று பேச்சு கிளம்பியது. எம்எல்எச்1 போனால் அதன் ஜோடி பிஎம்எஸ்2-வும் போகும். பெரும்பாலும் காரணம் மெத்திலேஷன் (கட்டியில் அந்த ஜீன் அணைந்துபோவது), பரம்பரை அல்ல என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதை முதலில் பார்க்கலாமா என்று யூனிட் சீஃபிடம் கேட்டேன். சரி என்றார். மெத்திலேஷன்தான். மகள்களிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குப் பாதி பாரம் இறங்கியது.

பெரம்பூர் சார், வேறு லேபில் இருக்கும் பழைய பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) வாங்க நோயாளியின் கையெழுத்துக் கடிதம் போதுமா, டாக்டர் கடிதமும் வேண்டுமா?