பெரிய பாக்கெட் வாங்கினா கடன் அடையுமா? அந்த 24 எங்கே?

தராசு:
"எதையும் பெரிய பாக்கெட்டா வாங்கு, 10 சதவீதம் மிச்சம், அதை வெச்சே கார்டு கடனை அடைச்சிடலாம்" என்று பக்கத்து விவாதத் திரியில் சிகாமணி அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். கடன் இல்லாதவனுக்கு அது சரி. கிரெடிட் கார்டில் பாக்கி ஓடுகிறவனுக்கு?

பேச்சுக்கு, சோப்புத்தூள் ஒரு கிலோ 100, ஐந்து கிலோ பாக்கெட் 450. மாதம் ஒரு கிலோ செலவாகும். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம். இன்று 100 போக வேண்டிய இடத்தில் 450 போகிறது. கூடுதலாக முடங்குவது முதல் மாதம் 350; சின்னப் பாக்கெட் வாங்குகிறவனும் மாதாமாதம் 100 கொடுத்துக்கொண்டே வருவதால் அப்புறம் 250, 150, 50. மொத்தம் 800. அதற்கு வட்டி 24. மிச்சம் 50 இல்லை சாமி, 26.

சிகாமணி:
நஷ்டம்னு சொல்ல வந்து லாபக் கணக்கு எழுதிட்டுப் போறீங்க. ரொம்ப நன்றி. அப்புறம், கார்டுல வாங்கினா 45 நாள் வரைக்கும் வட்டியே கிடையாது. உங்க 24 காத்துல போச்சு.

தராசு:
போன மாதப் பாக்கியை முழுசாகக் கட்டியவனுக்குத்தான் அந்தச் சலுகை நாள். பாக்கி வைத்திருந்தால் பெரும்பாலான கார்டுகளில் புதுசாக வாங்குவதற்கும் வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஏறும். ஸ்டேட்மென்ட் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். 24 அங்கேயேதான் இருக்கிறது.

சிகாமணி:
சரி, ரொக்கமா வாங்கறேன். இப்ப எங்கே வட்டி?

தராசு:
அந்த 350 ரொக்கம் கார்டுக்குப் போயிருந்தால் பாக்கி 350 குறைந்திருக்கும். குறையவில்லை. அதே 24.

வாளித்தண்ணீர்:
ரெண்டு பேரும் வட்டியிலேயே நிக்கிறீங்க. பெரிய பாக்கெட் வந்தா கை தாராளமாகும், அதை யாரும் பேசல. ஒரு தடவைக்கு 50 கிராம், கிலோ 100 கணக்குல 5. பெரிய பாக்கெட் கிலோ 90. கரண்டி மேல கும்பாரமா விழுந்து 56 கிராம் ஆச்சுன்னா 5.04. ஆறே கிராம்ல தள்ளுபடி அவுட். போதாததுக்கு, வாயைச் சரியா மூடலைன்னா ஈரம் ஏறிக் கட்டி பிடிக்கும், கட்டி தண்ணியில சீக்கிரம் கரையாது, இன்னும் ஒரு கரண்டி போடுவாங்க. கரண்டியை வழிச்சு மட்டமா அளங்க, டப்பாவுல மாத்தி மூடி வைங்க.

சிகாமணி:
அளக்கத் தெரியாதவங்களுக்காக நான் எழுதலை. தராசு ஐயாவுக்கு ஒரு கேள்வி: தூள் தினம் தினம் கரையுது. மாசம் முழுக்க 350 எப்படி முடங்கும்? பாதி வட்டிதான் போடணும். 24 தப்பு.

தராசு:
கரைவது தூள். பணம் இல்லை. சின்னப் பாக்கெட் வாங்குகிறவனும் மாத முதல் நாளே 100 முழுசாகக் கொடுக்கிறான், அரைக் கிலோவுக்கா கொடுக்கிறான்? வித்தியாசம் அந்த மாதம் பூராவும் 350தான். போன வருஷம் கேஷ்பேக் திரியிலும் இப்படித்தான் பாதிக் கணக்கு போட்டுவிட்டுக் காணாமல் போனீர்கள்.

சிகாமணி:
காணாமப் போகலை, உங்க தொல்லை தாங்காம விலகினேன். 26 மிச்சம்னு நீங்களே எழுதினது மேல இருக்கு. அழிச்சிடாதீங்க.

தராசு:
அழிக்க மாட்டேன். அதன் கீழேயே இதையும் ஒட்டுங்கள்: தள்ளுபடி 5 சதவீதம்தான் என்றால் பாக்கெட் 475, முடங்குவது 375, 275, 175, 75. வட்டி 27, மிச்சம் 25. கைநஷ்டம் 2. 10 சதவீதமே கிடைத்தாலும் பன்னிரண்டு கிலோ மூட்டையாக வாங்கினால் மிச்சம் 120, வட்டி 159க்குப் பக்கம். நீங்கள் எழுதியது "எதையும்" என்று. எந்தத் தள்ளுபடி, எத்தனை மாதத்துக்கு என்று ஒரு வரி இல்லை.

புதுவரவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மிச்சமாகும் தொகையைக் கடனில் எப்படிச் சேர்ப்பது? மாதக் கடைசியில் பார்த்தால் கையில் எதுவும் நிற்பதில்லை.

வாளித்தண்ணீர்:
நிக்காது. பில் போட்ட அன்னிக்கே மிச்சத்தை அனுப்பிடணும். ரெண்டு மூணு கடன் இருந்தா எல்லாத்துக்கும் குறைந்தபட்சத் தொகை, மீதி முழுக்க வட்டி அதிகமானதுக்கு. தவணைக் கடன்னா "அசலில் கழியுங்க"ன்னு எழுதிக் கேளுங்க, இல்லைன்னா சில இடத்துல அடுத்த தவணைக்கு முன்பணமா வெச்சிடுவாங்க. அசல் அப்படியே நிக்கும்.

சிகாமணி:
இதையெல்லாம் நான் முன்னாடியே எழுதியிருக்கேன், பேர் மட்டும் வேற ஆளுக்கு. "20 சதவீதம் கூடுதல் இலவசம்" பாக்கெட் வாங்கினா 20 சதவீதம் லாபம், அதுக்கும் வட்டி போடுவாரா தராசு?

தராசு:
100 கிராம் விலைக்கு 120 கிராம். கிராம் கணக்கில் 16.67 சதவீதம்தான் குறைவு, 20 இல்லை. விலையை எடையால் வகுத்துப் பார்க்கத் தெரியாதவர் சிக்கனம் சொல்லிக்கொடுக்கிறார்!

சிகாமணி:
தசம புள்ளியைப் பிடிச்சுத் தொங்கறவரோட பேச முடியாது. 26 மிச்சம். அவ்வளவுதான்.

தராசு:
50 என்று ஆரம்பித்தவர் 26க்கு வந்துவிட்டார். நடுவில் காணாமல் போன 24 எது என்று அவர் வாயால் சொல்லட்டும், அதுவரை இந்தத் திரியை விட்டு நகர மாட்டேன்.

வாளித்தண்ணீர்:
கரண்டியை யாராவது மட்டமா அளந்தீங்களா?