'கம்பேர்ட் டு'வா, 'கம்பேர்ட் வித்'தா? கைடு போட்ட சிவப்பு மையில் குழம்பிப்போயிருக்கிறேன்

நெல்வயல்:
வேளாண்மையில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். சொட்டுநீர் வயலையும் வாய்க்கால் வயலையும் ஒப்பிடுகிற வேலை, அதனால் பக்கத்துக்குப் பக்கம் 'கம்பேர்ட் டு'. கைடு பாதியை 'வித்' ஆக்கிவிட்டார், சில இடத்தில் மொத்தமாக அடித்து 'தேன்' (than) போட்டிருக்கிறார், ஆனால் நான் 'சுப்பீரியர் தேன்' என்று எழுதிய இடத்தில் மட்டும் அந்த 'தேன்'ஐயே எடுத்துவிட்டு 'டு'. எனக்கு எல்லாமே 'விட'தான். இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை அவர் மனநிலையைப் பொறுத்ததா? போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது.

பழையபுரூஃப்:
கணக்கு இருக்கிறது, உங்கள் கைடு பாவம். ஒன்றை இன்னொன்று மாதிரி இருக்கிறது என்று சொன்னால் 'கம்பேர் டு'. ஷேக்ஸ்பியர் காதலுக்குரியவரைக் கோடை நாளுக்கு ஒப்பிடலாமா என்று கேட்கிற 18ஆவது சானட்டில் வருவது 'டு'தான், ஏனென்றால் அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது கூட, எது குறைவு என்று பார்த்தால் 'கம்பேர் வித்'. ஆய்வேட்டில் நாம் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

'தேன்' போட்டது வேறு விஷயம். 'ஹையர் கம்பேர்ட் டு' என்று எழுதியிருப்பீர்கள், சரியா? நம் ஆட்கள் எல்லோரும் எழுதுவதுதான், 'ஒப்பிடும்போது அதிகம்' என்று மனசுக்குள் ஓடுகிற தமிழ் அப்படியே இறங்கிவிடுகிறது. 'ஹையர்', 'லோயர்', 'மோர்' வந்துவிட்டால் ஒப்பீடு அங்கேயே நடந்துவிட்டது, பின்னால் 'தேன்' போதும். சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றுக்கு 'டு'தான். 'ப்ரிஃபர்' கூட அப்படித்தான், காபியை விட டீ பிடிக்கும் என்றாலும் 'ப்ரிஃபர் டீ டு காபி'.

கடல்தாண்டி:
நான் அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கே 'கம்பேர்ட் டு'வை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. 'டிஃபரன்ட் தேன்' கூட சகஜம். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் 'டிஃபரன்ட் டு' என்பார்கள். இதற்கெல்லாம் சிவப்பு மை கொஞ்சம் அதிகம்தான்.

பழையபுரூஃப்:
பேச்சில் சரி. ஆனால் அதே அமெரிக்காவில் மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேடு இந்த டு, வித் வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறது. 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்று எழுதிவிட்டால் இரண்டு நாட்டிலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அப்புறம் எதற்கு வம்பு?

களாம்பழம்:
என் பெயரைப் பார்த்தாலே தெரியும் எங்கே வருகிறேன் என்று. 'காக்கையிற் கரிது களாம்பழம்', பள்ளியில் ஐந்தாம் வேற்றுமைக்குப் படித்தது. காக்கை போலக் கருப்பா, காக்கையை விடக் கருப்பா? அந்த 'இன்' உருபு இரண்டுக்குமே வரும், அதனால் உரைகாரர்கள் உவமப்பொரு, உறழ்பொரு என்று பிரித்துச் சொன்னார்கள். போல என்றால் 'டு', எது மிகுதி என்று உறழ்ந்து பார்த்தால் 'வித்'. அச்சு அசலாகப் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு இப்படித்தான் மனதில் நின்றது.

நெல்வயல்:
ஐயோ, இது முன்னாலேயே தெரிந்திருந்தால்! இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்: 'தி யீல்ட் ஆஃப் தி ட்ரிப் ப்ளாட்ஸ் வாஸ் ஹையர் தேன் தி கெனால் ப்ளாட்ஸ்.'

பழையபுரூஃப்:
'தேன்' சரி. ஆனால் விளைச்சலை வயலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். விளைச்சலை விளைச்சலோடுதான் ஒப்பிட வேண்டும், 'தேன் தட் ஆஃப் தி கெனால் ப்ளாட்ஸ்' என்று போடுங்கள். இதைக் கைடு இன்னும் பார்க்கவில்லை என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

நெல்வயல்:
பார்த்துவிட்டார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார், அது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.