குஸ்கோவின் பிளாசா டி அர்மாஸ்: அரை மணி நேரம் போதுமா?

கயல்_பயணி:
வணக்கம் நண்பர்களே. ஜூன் மூன்றாம் வாரம் அம்மாவோடு பெரு போகிறேன். அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் சைவம். லிமாவிலிருந்து காலை விமானத்தில் குஸ்கோ, மறுநாள் விடியற்காலை வானவில் மலை, அதற்கடுத்த நாள் மச்சு பிச்சு என்று பயண ஏற்பாட்டாளர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் குஸ்கோவின் பழைய சதுக்கமான பிளாசா டி அர்மாஸுக்கு 'புகைப்பட நிறுத்தம், அரை மணி நேரம்' என்று இருக்கிறது. அங்கே அவ்வளவுதானா பார்க்க இருக்கிறது? போனவர்கள் சொல்லுங்கள்.

லிமாவாசி:
கயல், அரை மணி நேரம் போதவே போதாது. முதல் நாளை முழுக்க அந்தச் சதுக்கத்துக்கே கொடுங்கள்.

முதலில் அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிமா கடலோர ஊர். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். அன்றைக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், ராத்திரி தூக்கம் பிடிக்காது. மறுநாளே 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் வானவில் மலைக்கு இரத்த அழுத்தம் உள்ளவரைக் கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கிளம்பும் முன்பே அவருடைய மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வந்த நாளில் விடுதியில் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். குடித்துவிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, பிற்பகலில் மெல்ல நடந்து சதுக்கத்துக்கு வாருங்கள். சுற்றிலும் பெஞ்சுகள் இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

இனி சதுக்கம். எல்லோரும் மச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் குஸ்கோவைக் கடந்து போகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். மச்சு பிச்சு ஒரு அரசருக்கென்று மலையில் கட்டிய இருப்பிடம். ஸ்பானியர் வரும் முன் இங்கே ஆண்ட இன்காக்களின் தலைநகரம் குஸ்கோ, அதன் நடுவிடம் இந்தச் சதுக்கம். இன்கா காலத்தில் இதற்கு ஹவுக்காய்பாத்தா என்று பெயர், இப்போது இருப்பதைவிடப் பெரியது. பக்கத்தில் சாபி ஆறு ஓடியது, அதன் மறுகரையில் குசிபாத்தா என்ற இன்னொரு திடல். ஆறு இன்றும் தெருவுக்கு அடியில்தான் போகிறது. பேரரசின் நான்கு திசைகளுக்கும் சாலைகள் இங்கிருந்தே புறப்பட்டன. இறந்துபோன அரசர்களின் பதப்படுத்திய உடல்களை விழா நாட்களில் தூக்கிவந்து இங்கே உட்காரவைத்து, சோள மதுவான சிச்சாவை அவர்களுக்குப் படைத்தார்கள்.

என்னை மிகவும் பாதித்த செய்தி ஒன்று உண்டு. இந்தத் திடல் முழுக்க ஒரு காலத்தில் கடல்மணல் பரப்பியிருந்தது. பசிபிக் கரையிலிருந்து அத்தனை மலைகளைத் தாண்டி, சக்கர வண்டி என்ற ஒன்றே இல்லாத மக்கள் சுமந்து கொண்டுவந்த மணல்! ஸ்பானிய அதிகாரி போலோ தே ஒந்தெகார்தோ அதை அள்ளி எடுக்கச் சொல்லி, சதுக்கத்தை ஒட்டி நிற்கும் பேராலயத்தின் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினார். அவரே இதை எழுதியும் வைத்திருக்கிறார். பேராலயத்துக்கான கற்களில் பலவும் மேலே குன்றில் இருக்கும் சாக்சைவாமான் என்ற இன்காக் கோட்டைச் சுவர்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஆக, நீங்கள் பார்க்கப்போகும் அந்தப் பெரிய கோயில் மணலாலும் கல்லாலும் இன்காக்களுடையதே. 1560 வாக்கில் தொடங்கி 1654இல்தான் முடிந்தது.

உள்ளே கட்டாயம் போங்கள். நுழைவுச்சீட்டு தனி, ஊருக்குப் பொதுவான சுற்றுலாச் சீட்டில் இது சேராது. படம் எடுக்க விடமாட்டார்கள். அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்க்கலாம். மார்கோஸ் சபாத்தா என்ற ஓவியர் 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இயேசுவின் கடைசி இரவுணவு அங்கே இருக்கிறது. மேசை நடுவில் தட்டில் மல்லாந்து கிடப்பது கினிப்பன்றி என்பார்கள் பெரும்பாலோர், மலைமுயல் போன்ற விஸ்காச்சா என்பவர்களும் உண்டு. எதுவானாலும் ஆண்டிஸ் மலைச் சாப்பாடு. அப்புறம், கறுத்த மேனியுடன் சிலுவையில் இருக்கும் நிலநடுக்கத்து ஆண்டவர். 1650 பெரும் நிலநடுக்கத்தில் இந்தச் சிலையை வெளியே கொண்டுவந்ததும் அதிர்வு தணிந்தது என்பது ஊர் நம்பிக்கை. மெழுகுவத்திப் புகை படிந்து படிந்து கறுத்துவிட்டது என்கிறார்கள். புனித வாரத் திங்கட்கிழமை ஊர்வலத்தில் இவர்மீது சிவப்பு ஞுக்சுப் பூக்களைத் தூவுவார்கள்.

இந்தச் சதுக்கத்தில் ரத்தமும் நிறையச் சிந்தியிருக்கிறது. கடைசி இன்கா அரசர் துபாக் அமாருவை 1572இல் இங்கேதான் தலை துண்டித்தார்கள். அவர் வழிவந்தவர் என்று சொல்லி ஸ்பானியர்களை எதிர்த்து எழுந்த இரண்டாம் துபாக் அமாருவை 1781 மே 18 அன்று இதே இடத்தில் கொன்றார்கள். மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸையும் மூத்த மகனையும் அவர் கண்ணெதிரே கொன்ற பிறகு, அவருடைய கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். உடல் பிய்ந்துபோகவில்லை. பிறகு தலையை வெட்டினார்கள். பூச்செடிகளும் நீரூற்றுமாக அழகாக இருக்கும் இடம்தான். ஆனால் இது தெரியாமல் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீரூற்றின் மேல் நிற்கும் பொன்னிற இன்கா சிலை பழையது அல்ல, 2011இல் வைத்தது. பழையதைப் பார்க்க வேண்டுமானால் சதுக்கத்தில் இருக்கும் லா கொம்பாஞ்ஞியா தேவாலயத்தை ஒட்டிப் போகும் லொரேத்தோ சந்துக்குள் நுழையுங்கள். இருபுறமும் இன்காச் சுவர், சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்கிறது. அம்மாவை அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலைக்காற்று:
லிமாவாசி சொன்னதில் ஒரு மாற்றம் சொல்லலாமா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்றால், விமானம் இறங்கியதும் நேரே குஸ்கோவைவிடத் தாழ்வான புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். அங்கே உள்ள ஒயாந்தாய்தாம்போ ஊர் 2,800 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்தே ஏறலாம். மச்சு பிச்சு இன்னும் தாழ்வு. எல்லாம் முடித்துக் கடைசியில் குஸ்கோ வந்தால் உடம்பு பழகியிருக்கும். நாங்கள் மாமனார் மாமியாரை அப்படித்தான் கூட்டிப்போனோம்.

லிமாவாசி:
மலைக்காற்று, இது என் யோசனையைவிட நல்லது. கயல், இதையே செய்யுங்கள். சதுக்கத்துக்கான முழு நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள், கடைசிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

மீனா_சமையல்:
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. சதுக்கத்தைப் பார்த்த பால்கனி உணவகங்களில் காட்சி அருமை, விலை அதிகம். ஒரு தேநீருக்கு மட்டும் ஏறுங்கள். கொஞ்சம் நடந்தால் சான் பெத்ரோ சந்தை. பழச்சாறு, ரொட்டி, அவகாடோ எல்லாம் கிடைக்கும். பெரிய பெரிய மணிகளோடு வேகவைத்த சோளக்கதிரும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் தருவார்கள், வயிறு நிறையும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியைப் போட்டுவிடுவார்கள், 'சின் போயோ' (கோழி இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கீன்வா என்ற தானியத்தில் செய்யும் சூப் கேட்கும்போது கோழி வேகவைத்த நீரில் செய்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

குட்டி அல்பாக்காவோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்தால் காசு தர வேண்டும். அது அவர்கள் பிழைப்பு. எவ்வளவு என்று முன்பே கேட்டுவிட்டு எடுங்கள்.

கயல்_பயணி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வானவில் மலையை நீக்கிவிட்டேன், பள்ளத்தாக்கு முதலில், குஸ்கோ கடைசியில். இப்போது பார்த்தால் சதுக்கத்து நாள் ஜூன் 24இல் விழுகிறது. அன்றைக்கு இந்தி ராய்மி விழாவாமே, கூட்டத்தில் அம்மாவால் சமாளிக்க முடியுமா?

லிமாவாசி:
கூட்டம் நெரியும், ஆனால் விட்டுவிடாதீர்கள். இந்தச் சூரிய விழா காலையில் இன்காக்களின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவில் தொடங்கி, அப்புறம் சதுக்கத்துக்கு வந்து, பிற்பகலில் சாக்சைவாமானில் முடியும். முதல் இரண்டு இடங்களிலும் கட்டணம் இல்லை, மேலே குன்றில் இருக்கைக்குத்தான் சீட்டு வேண்டும். அம்மாவை மேலே ஏற்ற வேண்டாம். சதுக்கத்தைப் பார்த்த மாடி உணவகம் ஒன்றில் அன்றைய காலைக்கு ஜன்னலோர மேசையை இப்போதே பேசி வையுங்கள், அன்றைக்கு மட்டும் அந்த விலை தகும். பேராலயத்தையும் லொரேத்தோ சந்துச் சுவர்களையும் 25ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள், விழாவன்று நிதானமாகப் பார்க்க முடியாது. ஜூனில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். தொப்பியும் கம்பளிச் சட்டையும் ஒரே பையில் இருக்கட்டும்.